இரண்டு முறை வந்த இரண்டு மணி

சார்ப்ரூக்கன். அக்டோபரின் கடைசி ஞாயிறு.
காலை எட்டரைக்கு ஆய்வுக்கூடத்தைத் திறக்கிறேன்.
ராத்திரி ஓடவிட்டுப் போன கருவி
ஓடி முடித்து நிற்கிறது.
விடைக் கோப்பின் அளவு: பூஜ்யம்.
பக்கத்தில் ஒரே சொல்: தவறுகிறது.

விஷயம் இதுதான்.
மார்ச்சில் ஆற்று மதகொன்றின் கதவு
பாதி திறந்தபடி பதினொரு நிமிடம் நின்றது.
பழைய இரும்பு ஏற்றிவந்த படகுக்காரர்
காபி ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்.
பிறகு தானாகவே திறந்தது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
எங்களிடம் வந்து சேர்ந்தது அன்றைய பதிவு,
நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வரி.
இதில் எது கதவைப் பிடித்து நிறுத்தியது?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடும் காலம்
போகட்டும் என்றுதான்
மூன்று வருஷமாக இதைக் கட்டுகிறோம்,
நானும் ஸ்வென்யாவும்.
கருவிக்குத் தெரிந்தது ஒரே வேலை.
பாதியை வெட்டும், மீதியை ஓட்டிப் பார்க்கும்.
இன்னும் தவறுகிறதா, வெட்டியது குப்பைக்கு.
தவறவில்லையா, திரும்ப ஒட்டிவிட்டு
வேறிடத்தில் வெட்டும்.
இனி ஒரு வரி எடுத்தாலும் பிழை மறையும் என்ற இடத்தில்
கத்தியைக் கீழே வைக்கும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்.
எங்களுக்குப் பூதமும் இல்லை
தண்ணீரும் இல்லை
குழி மட்டும்.

ஸ்வென்யா நீச்சல்குளத்திலிருந்து நேராக வந்தாள்,
ஈரத்தலையோடு.
"பூஜ்யம் என்றால்
பூஜ்யமேதானா, தர்மினி?"
திரைக்கு முன்னால் நின்றபடியே யோசித்தாள்.
தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
"வெற்றுக் கோப்பு
கதவைத் திற என்று சொல்லவே இல்லையே.
சொல்லாத கதவு எப்படித் திறக்கத் தவறும்?"

அப்போதுதான் தீர்ப்புச் சொன்னவனைத் திரும்பிப் பார்த்தோம்.
பத்தொன்பது வரிச் சோதனை நிரல்.
மெட்ஸ் போகும் ரயிலில் மடியில் வைத்து நான் எழுதியது.
கடைசியாகச் சரியாக ஓடிய நேரத்தைக் குறித்துவைக்கும்.
அதற்கு முந்திய நேரத்தோடு எது வந்தாலும்
தவறு என்று முத்திரை குத்தும்.
ரொம்ப நியாயமானவன்.
நேரம் பின்னால் போகாது என்று நம்புகிறவன்.

நேற்றிரவு மூன்று மணியானபோது
ஜெர்மனி முழுக்கக் கடிகாரங்கள்
இரண்டுக்குத் திரும்பின.
ஊர் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியது.
இங்கே மட்டும்
ஒவ்வொரு வெட்டுக்கும் தவறு, தவறு, தவறு.
இரண்டாயிரத்து நானூற்று ஆறு.
ஆயிரத்து இருநூற்று மூன்று.
அறுநூற்று ஒன்று.
எழுபத்தைந்து, பதினெட்டு, நாலு, ஒன்று.
பதின்மூன்று வெட்டு, வெட்டுக்கு நாலு நிமிடம்.
ஐம்பத்திரண்டு நிமிடத்தில்
எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு
சமர்த்தாக நின்றுகொண்டது.
இன்னும் எட்டு நிமிடம் மீதியிருந்தது
அந்த இரண்டாவது இரண்டு மணியில்.

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.
கருவி பொய் சொல்லவில்லை.
எதைக் கேட்டாலும் ஆமாம் என்பவனிடம்
கேட்டுக் கேட்டு வெட்டியது, அவ்வளவுதான்.
சென்ற மாதம் கட்டுரைக்கு அனுப்பிய
நாற்பது வெற்றிகளில்
எத்தனையில் வெற்றுக் கோப்பைக் கேட்டோம்?
ஸ்வென்யா தலையைத் துவட்டாமலே
அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

திருத்தம் சின்னதுதான்.
கோடை குளிர் அறியாத,
இயந்திரம் விழித்ததிலிருந்து எண்ணிக்கொண்டே போகும்
கடிகாரம் ஒன்று.
அப்புறம் கருவியின் தலைவாசலில் ஒரு கேள்வி:
ஒன்றுமே தராவிட்டாலும் தவறுகிறாயா?
ஆமாம் என்றால் வேலை தொடங்காது.

மத்தியானம் மறுபடி ஓட்டினோம்.
முதல் வெட்டு.
நாலு நிமிடம்.
தவறவில்லை.
இரண்டாவது வெட்டு. அதுவும் தவறவில்லை.
அன்று முழுக்கக் காதில் விழுந்த நல்ல சொல்
அந்த மறுப்புதான்.

ஐந்தேகாலுக்கே இருட்டிவிட்டது.
மூவாயிரத்துச் சொச்சம் வரி அப்படியே இருக்கிறது.
அவற்றில் எங்கோ
கதவு பாதியில் நிற்கிறது,
காபி ஆறிக்கொண்டிருக்கிறது.